டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவு என்கிறார்களே, அது எப்படி?

ஒத்தக்கடையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 46 வயது. ஓயாத அசதி, காலையில் முகம் உப்பல், முடி கொட்டுகிறது, மலச்சிக்கல். சித்திரை வெயிலில்கூட ஃபேன் வேண்டாம் என்கிறாராம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். 18.4 என்று வந்து, பக்கத்தில் 'கூடுதல்' என்று குறி போட்டிருக்கிறார்கள். டாக்டரோ "தைராய்டு குறைவு" என்று சொல்லி 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடிக் கிடப்பதற்கு எதற்கு மேலும் மாத்திரை? பத்து நாள் சாப்பிட்டும் ஒன்றும் தெரியவில்லையே, நிறுத்திவிடலாமா? ஹார்மோன் என்பது உடம்பில் என்னதான் செய்கிறது? இவ்வளவும் அவருடைய கேள்விகள்.

தம்பி, மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரிப்போர்ட்டும் சரி, டாக்டர் சொன்னதும் சரி. குழப்பமெல்லாம் பெயரால் வருகிறது. டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "சுரந்து கொடு" என்று அனுப்பும் கட்டளை அது. தைராய்டு சுரப்பது டி4, டி3 என்ற இரண்டும்தான். அம்மாவின் ரிப்போர்ட்டில் அடுத்த வரியில் 'ஃப்ரீ டி4' 0.6 என்று இருப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான லேப்களில் அதன் கீழ் எல்லை 0.8-ஐ ஒட்டி இருக்கும். ஆக, கட்டளை கூடியிருக்கிறது, சரக்கு குறைந்திருக்கிறது.

மதுரையில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருஷமாக உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் பாதிப் பேர் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். எங்கள் குடும்பம் மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்த்த குடும்பம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேராத வருஷங்களைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயல் நனைந்து கிடக்கும்வரை கடைமடைக்காரர் வாய் திறக்க மாட்டார். மண் வெடிக்க ஆரம்பித்ததும் நீர்பாய்ச்சியைத் தேடிப் போய்ச் சத்தம் போடுவார். பயிர் வாட வாடச் சத்தம் ஏறும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் தானாக அடங்கிவிடும். டி.எஸ்.எச். என்பது அந்தச் சத்தம். 18.4 என்ற எண் சத்தத்தின் அளவு. அதை வயலில் நிற்கும் தண்ணீரின் அளவு என்று படித்துவிடுவதால்தான் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பவர்களின் ரிப்போர்ட்டைப் பார்த்தீர்களானால் டி.எஸ்.எச். 0.01 என்று கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல் கிடக்கும். ஊரெல்லாம் தண்ணீர் நிற்கும்போது யார் சத்தம் போடப் போகிறார்கள்?

உடம்பின் நாளமில்லாச் சுரப்பிகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் கட்டுப்படுகின்றன. மேலே மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி, அதன் எடை அரை கிராம்தான். அதற்கும் கீழே தைராய்டு, அட்ரினல், சினைப்பை, விதைப்பை. மேலே இருப்பது கீழே இருப்பதை ஏவும். கீழே சுரந்தது ரத்தத்தோடு மேலே போய், "போதும், நிறுத்து" என்று சொல்லும். தைராய்டு விஷயத்தில் பிட்யூட்டரியின் காது மிகக் கூர்மை. ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்கு ஏறுவதோடு நிற்காது, நூறு மடங்கு வரைகூட ஏறும். இதனால்தான் டி4 இன்னும் சரியான எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். 7, 8 என்று ஏறத் தொடங்கிவிடுகிறது. டாக்டர்கள் முதலில் டி.எஸ்.எச்.-ஐப் பார்ப்பதற்கும் இதுதான் காரணம்.

இந்த எண்களை ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து கண்டுபிடிப்பதே ஒரு பெரிய கதை. 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் 'தூண்டிவிடுவது' என்று பொருள். பெயர் வைத்து அரை நூற்றாண்டு ஆகியும் பல ஹார்மோன்களை ரத்தத்தில் அளக்க வழியில்லை, அவ்வளவு சொற்ப அளவில்தான் அவை இருக்கும். ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு அனுப்பும் தூதுப்பொருளைப் பிரித்தெடுக்க ரோஜர் கில்லெமின் குழுவினர் லட்சக்கணக்கான செம்மறியாட்டு மூளைகளை அரைத்தார்கள். மிஞ்சியது மில்லிகிராம் கணக்கில்தான். ரோசலின் யாலோ என்ற பெண்மணி, சாலமன் பெர்சனோடு சேர்ந்து, கதிரியக்க அணுக்களை வைத்து இன்சுலினை அளக்கும் முறையை உருவாக்கினார். அதற்காக 1977-இல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. மறுபாதி கில்லெமினுக்கும் ஆண்ட்ரூ ஷாலிக்கும். பெர்சன் அதற்கு 5 வருஷம் முன்பே இறந்துவிட்டார். இன்று அண்ணா நகரிலோ மேலூரிலோ ஒரு சின்ன லேபில் காலையில் ரத்தம் கொடுத்து மாலையில் ரிப்போர்ட் வாங்குகிறோம் என்றால், அந்த யோசனையின் வழி வந்ததுதான் அது. என் மாணவிகளுக்கு யாலோவின் பெயரை நான் கட்டாயம் சொல்லிக் கொடுப்பேன்.

அடுத்து, ஹார்மோன் எப்படித் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது? கண்டுபிடிப்பதே இல்லை. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். மாட்டுத்தாவணியில் கண்டக்டர் "மேலூர், மேலூர்" என்று கூவுவது பஸ் ஸ்டாண்டில் நிற்கும் எல்லோர் காதிலும்தான் விழுகிறது. மேலூர் போகிறவர் மட்டும் ஏறுகிறார். அதுபோல, எந்தச் செல்லில் அந்த ஹார்மோனுக்கு உரிய ஏற்பி இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அது கேட்கும். சில ஏற்பிகள் செல்லின் மேல்தோலிலேயே இருக்கும். அட்ரினலின் என்ற ஹார்மோன் அப்படிப்பட்ட இடத்தில் போய் ஒட்டுவதால் நொடியில் வேலை நடக்கிறது. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை தலையை நீட்டும் கணத்தில் எதிரே நிற்கும் பையனின் நெஞ்சு படபடப்பதும் கைகால் முறுக்கேறுவதும் அதனால்தான். இரண்டு மூன்று நிமிஷத்தில் அந்த அட்ரினலினில் பாதி அழிந்துவிடும்.

தைராய்டு ஹார்மோன் வேலை செய்யும் விதமே வேறு. டி4-இல் நான்கு அயோடின் அணுக்கள். கல்லீரலும் மற்ற திசுக்களும் அதில் ஒன்றைக் கழற்றி டி3 ஆக்குகின்றன. அந்த டி3 செல்லின் நடுவே உட்கருவுக்குள் போய், இந்த மரபணுவை எழுப்பு, அதை அடக்கு என்று சொல்லும். பிறகுதான் புதுப் புரதங்கள் உண்டாகி, சூடு, இதயத் துடிப்பு, குடலின் அசைவு, கொழுப்புக் கரைதல் எல்லாம் மெதுவாக மாறும். அதோடு டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகிறது. அப்படிப்பட்ட மருந்தைத் தினமும் ஒன்று போட்டால் அது உடம்பில் ஏறி ஒரு மட்டத்தில் நிலைக்க ஐந்து வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அதைக் கவனித்துச் சத்தத்தைக் குறைக்க மேலும் கொஞ்ச நாள். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். பத்து நாளில் தெரியாமல் இருப்பதுதான் இயல்பு.

எல்லா ஹார்மோனும் "போதும்" என்ற சொல்லுக்கு அடங்குவதில்லை. எங்கள் வீட்டில் பால் கறக்கும்போது அம்மா முதலில் கன்றை அவிழ்த்து விடுவார். கன்று மடியை முட்டி முட்டி ஊட்டும். அந்தத் தொடு உணர்ச்சி நரம்பு வழியாக ஹைப்போதலாமஸுக்குப் போய், பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் இறங்கும். மடிக்குள் பால் நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் தசை போன்ற செல்கள் அதைக் கேட்டு இறுகும். ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் காம்பு விறைத்துப் பால் இறங்கும். அப்போது அம்மா கன்றை இழுத்துப் பக்கத்தில் கட்டிவிட்டு, சொம்பை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு உட்காருவார். தெரியாத ஆள் வந்து நின்றாலோ நாய் குரைத்தாலோ மாடு பாலை எக்கிக்கொள்ளும். பயத்தில் சுரந்த அட்ரினலின் ஆக்ஸிடோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. பேறுகாலத்திலும் இப்படித்தான்: குழந்தையின் தலை அழுத்த அழுத்த ஆக்ஸிடோசின் கூடும், ஆக்ஸிடோசின் கூடக் கூட வலி கூடும், குழந்தை வெளியே வந்த பிறகுதான் ஓயும்.

பேறுகாலம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருக்கிறது, ஆனால் அதற்கேற்ப ரத்த ஓட்டம் கூடுவதில்லை. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டால் அந்தச் சுரப்பி பட்டுப்போகலாம். 1937-இல் ஷீஹன் என்ற மருத்துவர் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பாலே சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, அசதி, வெளிறிப்போன தோல், அக்குள் முடிகூட உதிர்கிறது. வீட்டில் "பிள்ளை பெத்த உடம்பு, தேறிடும்" என்று பல வருஷம் ஓட்டிவிடுவார்கள். இவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் சரியான எல்லைக்குள்ளேயே வரலாம். சத்தம் போட வேண்டியவருக்கே தொண்டை போய்விட்டது, வயல் காய்ந்து கிடப்பது யாருக்குத் தெரியும்? டி4-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். டி.எஸ்.எச். என்ற ஒற்றை எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். இந்தப் பெண்களில் பலருக்கு கார்ட்டிசோல் என்ற ஹார்மோனும் போதுமான அளவு இருக்காது. அதை முதலில் கொடுக்காமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் விஷயமல்ல இது.

கார்ட்டிசோல் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பட்டையில் சுரப்பது. விடிகாலையில் உச்சத்துக்கு ஏறி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். என் பெரியம்மா முழங்கால் வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று லேபிள் இல்லாத ஒரு மாத்திரையைப் பொட்டலமாக வாங்கி ஒன்றரை வருஷம் சாப்பிட்டார். வலி பறந்தது. முகம் வட்டமாகப் பூரித்தது, எல்லோரும் தேறிவிட்டார் என்றோம். ஒருமுறை வெளியூர் போனவர் பொட்டலத்தை மறந்துவிட்டார். மூன்றாம் நாள் வாந்தி, எழுந்தால் கண் இருட்டி விழுகிறார், பிரஷர் பிடிபடவில்லை. அந்த மாத்திரையில் இருந்தது ஸ்டீராய்டு. வெளியிலிருந்து கார்ட்டிசோல் போன்ற பொருள் வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி சத்தம் போடுவதை விட்டுவிடும். ஏவ ஆள் இல்லாத அட்ரினல் சுருங்கிப் படுத்துவிடும். அது மறுபடி விழித்து வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். ஸ்டீராய்டு நல்ல மருந்து, பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பெயர் தெரியாத வலி மாத்திரை எதையாவது சாப்பிடுகிறார்களா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை நோயைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், ஆனாலும் இதே கணக்கு அங்கேயும் ஓடுவதால் ஒரு பத்தி. உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 என்றால், அது 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம்; அந்தக் கணக்கில் மொத்த ரத்தத்திலும் இருக்கும் சர்க்கரை 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். நாலு இட்லி சாப்பிட்டால் முப்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. அப்படியும் ஆரோக்கியமான ஒருவருக்கு எண் 140-ஐத் தாண்டுவது அபூர்வம். கணையத்தில் தீவுத்திட்டுகளாகக் கிடக்கும் செல்கள் இன்சுலினை விட்டு, தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே வாங்கும்படி செய்துவிடுகின்றன. செல்களுக்குக் காது மந்தமாகிவிட்டால் கணையம் இன்னும் உரக்கக் கூவும். பல வருஷம் சர்க்கரை அளவு நன்றாகவே இருக்கும், இன்சுலின் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சில பிள்ளைகளுக்குப் பின்கழுத்தில் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்திருக்கும். அழுக்கு என்று பீர்க்கங்கூடால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது கூடிய இன்சுலின் தோலில் காட்டும் அடையாளம். தேய்ப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவுக்கு ஏன் வந்தது என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இந்தியாவில் தைராய்டுக் கோளாறு என்றாலே அயோடின் பற்றாக்குறைதான். இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் ராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆய்வு, உப்பில் அயோடின் கலந்தால் முன்கழுத்துக் கழலை குறைகிறது என்று காட்டியது. 1962-இல் தேசியத் திட்டமே வந்தது. நம் பக்கம் தூத்துக்குடி உப்பு தாராளமாகக் கிடைப்பதால் அயோடின் சேர்க்காத கல் உப்பு இன்னும் பல வீட்டில் புழங்குகிறது. பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள், கல் உப்பிலும் அப்படிக் கிடைக்கிறது. ஆனால் அம்மா வயதுப் பெண்களுக்கு இன்று மிகவும் சாதாரணமான காரணம் வேறு: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அந்நியம் என்று நினைத்துத் தாக்குவது. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய். இதில் உங்கள் அம்மா செய்த தப்பு எதுவும் இல்லை. முட்டைக்கோஸ் சாப்பிட்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் அவர் மனசை வருத்திக்கொள்ள வேண்டாம். சமைத்து அளவாகச் சாப்பிடும் கோஸ் ஒன்றும் செய்யாது.

இனி மாத்திரை. நம் வீடுகளில் இது வேலை செய்யாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் காபி. எழுந்ததும் டிகாக்ஷன் போட்டுக் குடித்துவிட்டு அதே கையோடு மாத்திரையையும் போட்டுக்கொள்வார்கள். காபி குடலில் மருந்து ஏறுவதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எதுவும் இருந்தால் நான்கு மணி நேரமாவது தள்ளி. ஜன்னல் திட்டிலோ அடுப்பு மேல் அலமாரியிலோ வைக்கக்கூடாது, மதுரை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இந்த மருந்து வீரியம் இழக்கும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். பயோட்டின் சில லேப் முறைகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.-ஐக் குறைவாகவும் டி4-ஐக் கூடுதலாகவும் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், லேபிலும் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கிய பின் நெஞ்சுவலி, ஓயாத படபடப்பு, மூச்சு வாங்கல் இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஒரு காலையில், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன், ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அதே லேபில். டி.எஸ்.எச். 18-லிருந்து இறங்கி 7-இல் நின்றால் டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டுவார். 0.1-க்குப் போயிருந்தால் குறைப்பார். ரிப்போர்ட்டோடு, அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்: அசதி குறைந்ததா, வயிறு ஒழுங்காகப் போகிறதா, ஃபேனைப் போடச் சொல்லி அவரே கேட்க ஆரம்பித்தாரா.